பெரியப்பா மடித்த கொக்கு

இருநூற்று நாற்பது ரூபாயில் ஒரு கல்யாணத்தை ஒப்பேற்றிவிடுவது என்று ஜெயராஜா முடிவெடுத்தார்.

கல்யாணம் வேறு யாருக்குமில்லை, மனைவி செசீலியாவின் தங்கை மகள் சுலக்ஷனாவுக்கு. ஐம்பதாயிரமாவது குடுக்க வேணும் என்று செசீலியா ஒற்றைக்காலில் நின்றாள்.

"அம்பதாயிரமா? சல்லி என்ன வாவியில மிதந்தா வருகுது?"

"ஹோட்டல்ல ஒங்களுக்கு டிப்ஸ் கிடைக்கிறல்லையா?"

"எனக்கா? வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போறது பாதி கரைஞ்ச சவுக்காரம் மட்டுந்தான் புள்ள."

இது கலப்படமில்லாத பொய். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவாக்குவதுதான் ஜெயராஜாவின் வேலை. கட்டில் மேல் குளித்துத் துடைக்கும் துவாயை அன்னமாக, யானையாக மடித்து வைப்பார். அதில் மயங்கிப்போன விருந்தாளிகள் தலையணைக்குக் கீழே டிப்ஸைத் தாராளமாகவே வைத்துவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் ஐயாயிரம் ரூபாய்த் தாள்களாக மாற்றி, வீட்டிலேயே ஒளித்து வைத்திருந்தார். பெரிய திரை வைத்த ஃபோன் ஒன்று வாங்குவதாக யோசனை.

ஆறு மாதத்துக்கு முந்தி ஒரு ஜப்பான் அம்மா டிப்ஸையே கொக்காக மடித்து வைத்துவிட்டுப் போனாள். ஜெயராஜா அதைப் பிரித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். மூன்றாம் நாள் கொக்கு கைவந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கையில் அகப்பட்ட எந்தத் தாளும் தாளாக இருக்கவில்லை. கடைக்காரனுக்கு மீன் குடுத்தார், பஸ்காரனுக்கு ஆமை குடுத்தார். பஸ்காரன் ஆமையைப் பிரித்து முடிக்கிறதுக்குள் இரண்டு தரிப்பிடம் தாண்டிவிட்டது.

அந்த வித்தைதான் இப்போது கைகொடுக்கப் போகிறது. பன்னிரண்டு இருபது ரூபாய்த் தாள், பன்னிரண்டு கொக்கு. நீலத் துணி ஒட்டிய சட்டத்துக்குள் வரிசையாகப் பறக்கவிட்டு, கண்ணாடி போட்டுக் குடுத்தால் சபையே வாய் பிளக்கும்.

"எவ்வளவெண்டு கேட்டா?" என்றாள் செசீலியா.

"ஆர் கேக்கிற? கண்ணாடிய உடைச்சா எண்ணப் போறாங்க? இஞ்ச பாரு, இருபது எண்ட இலக்கம் செட்டைக்கு உள்ளுக்குப் போற மாதிரி மடிச்சிருக்கன். இது கலை!"

செசீலியா சண்டை பிடிக்கவில்லை. தேங்காய் திருவுவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"இந்தக் கொக்குச் சொண்ட எப்பிடிக் கூராக்கிற?"

ஜெயராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. இருபத்தைந்து வருசத்தில் அவளாக வந்து அவரிடம் கேட்ட முதல் சந்தேகம் அது. பழைய பேப்பரைக் கிழித்து, மெல்ல மெல்ல மடித்துக் காட்டினார்.

"இன்னொருக்கா காட்டுங்க. எனக்குக் கெதியா விளங்காது."

மூன்று தரம் காட்டினார். இலக்கம் உள்ளே போக வேணுமென்றால் எந்தப் பக்கம், வெளியே வர வேணுமென்றால் எந்தப் பக்கம் என்பதுவரை, கேட்காமலே சொல்லிக் குடுத்தார்.

"சரி, சுத்திறத நான் பாக்கிறன். ஒங்களுக்கு டேப் நேரா ஒட்ட வராது," என்று சட்டத்தை வாங்கிக்கொண்டு போனாள் செசீலியா.

கல்யாணத்தன்று மாதா கோயில் பூசை முடிந்து, மண்டபம் நிறையச் சனம். ஜெயராஜா கோட்டு மாட்டிக்கொண்டு, மினுமினுப்புத் தாள் சுற்றிய பரிசோடு மேடை ஏறினார். செசீலியா ஒலிவாங்கி வைத்திருந்த பொடியனின் காதில் என்னவோ ஓதினாள்.

"மணமகளின் பெரியப்பா தன் கையாலேயே செய்த பரிசு! இப்பவே பிரிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாங்க!"

கைதட்டல். மாப்பிள்ளை டினேஷ் தாளைக் கிழித்தான்.

ஜெயராஜா எட்டிப் பார்த்தார். முதலில் கண்ணில் பட்டது சொண்டு. அவர் மடித்ததைவிடக் கூர். மறுகா நிறம். அவர் மடித்தவை சிவப்புக் கொக்குகள். இவை மஞ்சளாக மினுங்கின. மண்டபத்து லைற்றின் வேலையாக்கும் என்று மனதைத் தேற்றினார். லைற்று இலக்கமுமா எழுதும்? ஒவ்வொரு கொக்கின் செட்டையிலும், கடைசி வரிசைக்காரருக்கும் தெரியிற மாதிரி, ஐந்தும் மூன்று சைபரும்.

"ஐயாயிரம்!" என்று கத்திவிட்டாள் மாப்பிள்ளையின் தாய். "பன்னிரண்டும் ஐயாயிரம்! கடவுளே, அறுபதினாயிரம்!"

அலுமாரிக்கு மேலே கிடக்கும் தன் பழைய வலதுகால் சப்பாத்து ஜெயராஜாவின் கண்முன் வந்து போனது. வெறுஞ் சப்பாத்து.

"பெரியப்பா!" என்று சுலக்ஷனா காலில் விழுந்தாள். சட்டத்தைப் பறித்துக்கொண்டு ஓடவும் வழியில்லை. பொடியன் ஒலிவாங்கியை நீட்டினான்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க ஐயா."

தாள் மடித்த மனிதனுக்குத் துக்கம் தாளவில்லை. "என்ட... என்ட சல்லி..." என்று தொடங்கினார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்ட செல்லம் எண்டு சொல்ல வாறார், வாய் வரேல்ல!" என்று செசீலியா ஒலிவாங்கிக்குள் எடுத்துச் சொன்னாள்.

மண்டபமே கலங்கிப் போனது. மாப்பிள்ளையின் தாய் மூக்கைச் சிந்தினாள். வீடியோக்காரன் கிட்ட வந்து, கன்னத்தில் வழிந்த ஒவ்வொரு துளியையும் விடாமல் பிடித்தான். "பெத்த தகப்பனும் இப்பிடி அழமாட்டான்," என்றார் ஒரு கிழவர்.

செசீலியா கைலேஞ்சியை எடுத்துப் புருசனின் கண்ணைத் துடைத்தாள். சபைக்குச் சிரித்த முகத்தைக் காட்டிக்கொண்டே, அவர் காதுக்குள் மட்டும் சொன்னாள்:

"அழாதீங்க. இடதுகால் சப்பாத்துக்குள்ள இருக்கிறத நத்தார்ப் பண்டிகைக்கெண்டு விட்டு வெச்சிருக்கன்."