மூன்றாவது டிஸ்க்

கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் புது ஹார்ட் டிஸ்க்கோடு விழித்துக்கொண்டிருந்தார் கணக்கு வாத்தியார். டிஸ்க் இருக்கிறது, உள்ளே உட்கார இடமும் இருக்கிறது. அதற்குக் கரண்டு ஊட்டத்தான் ஒரு வயர்கூட மிச்சமில்லை.

"ஏங்க, அஞ்சு மணிக்குள்ள காலர் தைக்கிற பாடம் போயாகணும். என்னோட முதல் ஆன்லைன் வகுப்பு. நாப்பது பேர் காத்திட்டிருக்காங்க," என்றாள் மனைவி. எடுத்த பாட வீடியோ கேமராவிலேயே கிடந்தது. கம்ப்யூட்டரில் ஏற்ற இடமில்லை. "பேசாம மெக்கானிக்கைக் கூப்பிடுவோமா?"

"ரெண்டு டிஸ்க்கை என் கையாலேயே மாட்டினவன்கிட்டயா இதைக் கேக்கிற? முதல் டிஸ்க் மாட்டினப்போ இடம் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு," என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"ரெண்டாவதுக்கு?"

"அதுக்கும் வந்துச்சு."

சோபாவில் பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்த மாமியார் லேசாக இருமினார்.

வாத்தியார் படிக்காமல் பரீட்சைக்குப் போகிறவர் அல்ல. பாதியில் இன்டர்நெட் போய்விட்டால் என்ன செய்வதென்று, முந்தைய இரண்டு தடவையைப் போலவே, டிஸ்க் மாட்டும் விதம் காட்டும் வீடியோக்கள் முப்பத்தேழை அந்தக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்து, ஒரு வாரமாகப் பார்த்திருந்தார்.

முதலில் சிடி போடும் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். அது ஒரு விரல்கடை எட்டவில்லை. டிஸ்க்கை மேல்தட்டுக்கு ஏற்றினார். இப்போது கரண்டு வயர் எட்டியது, டேட்டா வயர் எட்டவில்லை. தலையை மூடினால் கால் தெரிகிற போர்வைதான்.

கடைக்கு ஓடி, ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் வாங்கிவந்து, டிஸ்க்கைக் கீழே இறக்கி மாட்டினார். உபரி வயர் ஃபேனில் உரசிக் கடகடவென்று கத்தியது.

"மாப்பிள்ளை, இது பறக்கப்போகுதா?" என்றார் மாமியார்.

"நீங்க பொத்தானைப் பாருங்கத்தே."

மனைவியின் தையல் நாடாவால் வயர்களை மொத்தமாக இழுத்துக் கட்டினார். சத்தம் நின்றது. கூடவே கம்ப்யூட்டரும் நின்றது. எத்தனை தடவை பொத்தானை அழுத்தினாலும் திரை கருப்பாகவே கிடந்தது. மணி நாலு.

"விடுங்க. நாளைக்குன்னு சொல்லிடுறேன்," என்றாள் மனைவி, மெதுவாக. அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். அந்த மெதுவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரே மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

வந்தது ஓர் இளம்பெண். உள்ளே எட்டிப் பார்த்து, எதையோ ஒரு விரலால் 'டக்'கென்று அழுத்திவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை வெளிச்சமானது.

"ராம்-ங்கிற மெமரி அட்டை நழுவியிருக்கு சார். முழங்கை பட்டிருக்கும். வயரெல்லாம் நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க."

வாத்தியாருக்கு உயிர் வந்தது. அவள் புது டிஸ்க்கைத் தயார்செய்து கொடுக்க, ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாடம் நாற்பது பேருக்கும் போய்ச் சேர்ந்தது. மனைவி கைதட்டிச் சிரித்ததைப் பார்த்து வாத்தியாரும் சிரித்தார்.

மெக்கானிக் பெண் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சார், பழைய ரெண்டு டிஸ்க்கையும் மாட்டினதோட விட்டுட்டீங்களா? எழுதத் தயார்பண்ற ஃபார்மட்டே பண்ணலை. இத்தனை வருஷமா கரண்டைக் குடிச்சிட்டு வெறுமனே சுத்திட்டிருக்கு. ஒரு எழுத்துகூட உள்ள போகலை."

"இருக்கவே முடியாதும்மா. ஒவ்வொரு தடவையும் மாட்டின மறுநாளே இடம் வந்துச்சே. இவளையே கேளு."

மனைவிக்குத் திடீரென்று நூலில் ஒரு சிக்கல் கிடைத்தது. குனிந்து அதைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

மாமியார் கடைசிப் பொத்தானை டப்பாவில் போட்டு மூடினார்.

"நீங்க மாட்டி முடிச்சு அசந்து படுத்ததும், எப்படி மாட்டுறதுன்னு இறக்கி வச்சிருந்த வீடியோவையெல்லாம் இவதான் அழிச்சு விடுவா, மாப்பிள்ளை."