ஏசி ரூமில் ஏறிய லோக்கல் ரயில்

காலை ஏழே முக்காலுக்கு, ஒரு ஷூவைக் கழற்றி மறு ஷூவைக் கழற்றாத நிலையில், தினகரன் சபதம் போட்டான்.

"இந்த வீட்ல ஏசி ஒண்ணு எனக்கு, இல்லேன்னா கேக்குக்கு. ரெண்டுல ஒண்ணு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்!"

சபதம் போட்ட இடம் படுக்கையறைக்கு வெளியே. கதவு சாத்தியிருந்தது. கதவில் ஒரு காகிதம். அதில் அவன் மனைவி அகல்யாவின் குண்டு குண்டு எழுத்து: 'உள்ளே கேக். யாரும் வரக்கூடாது.' 'யாரும்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. ஆறு வயது மகள் ரோஷினிக்கு ஒரு கோடு, அவளுடைய அப்பாவுக்கு ஒரு கோடு.

தினகரனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மே மாதம் முழுக்க நைட் ஷிப்ட். ஊர் எழுந்திருக்கும்போது அவன் படுக்கவேண்டும். குடியிருப்பது பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு மாடி வீடு. தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. அக்கினி நட்சத்திரத்தில் அந்த ஹாலில் அப்பளத்தை வைத்தால் எண்ணெய் இல்லாமலே பொரியும். வீட்டில் இருப்பது ஒரே ஏசி. அது படுக்கையறையில். படுக்கையறையில் கேக்.

கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து பார்த்தான். கட்டிலின் நட்டநடுவில், மஞ்சள் மஞ்சளென்று ஒரு ஜேசிபி. திருநின்றவூரில் ஏதோ ஒரு குழந்தைக்கு மூன்று வயது முடிகிறதாம். அதற்காக, ஜேசிபியின் மண் அள்ளுகிற கை அவனுடைய தலையணையில் சாய்ந்து, ஜிலுஜிலுவென்று ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

"கதவைச் சாத்துங்க! அதுக்கு வேர்க்கும்!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"எனக்கும்தான்டி வேர்க்குது!"

"உங்களுக்கு வேர்த்தா துண்டால துடைச்சுக்கலாம். அதைத் துடைச்சா டயர் கையோட வந்துடும்."

கேக்கின் மேலே போர்த்துவது சர்க்கரையைப் பிசைந்த மாவு. களிமண் போல எந்த உருவமும் பிடிக்கலாம். ஆனால் சென்னைக் காற்று பட்டால் போதும், பிசுபிசுவென்று வியர்த்து, போன வருஷம் செய்த யானை போட்டிருந்த மூக்குக்கண்ணாடியோடு சறுக்கித் தட்டுக்கு வந்த மாதிரி வந்துவிடும். குட்டி ஃபிரிட்ஜில் இட்லி மாவுச் சட்டிக்கே இடமில்லை. அதனால்தான் ஏசி ரூம். அகல்யாவுக்கு இது பொழுதுபோக்கு. யூடியூபைப் பார்த்து ஆரம்பித்தாள். இப்போது அவளைப் பார்த்து நாலு பேர் ஆரம்பித்திருக்கிறார்கள். தினகரனுக்குத்தான் பொழுதும் போகவில்லை, தூக்கமும் வரவில்லை.

மாடிப்படியில் வடாம் தட்டோடு நின்றாள் நாகம்மாள். வீட்டுச் சொந்தக்காரி. கீழ் வீட்டில் இருக்கிறாள். அந்த இடம் நெல்வயலாக இருந்த காலத்திலிருந்தே அவர்களுடையது.

"இன்னா நைனா, ஊட்டுக்காரன் வெளிய நிக்கிற, கேக்கு உள்ள தூங்குதா?"

"அதுக்கு உடம்பு தாங்காதாம் அக்கா."

"அப்ப நீ இன்னா, ஆஸ்பத்திரி வாசல்ல குந்திகினு கீற அட்டெண்டரா?"

அவள் சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தப்பக்கம் வரை கேட்டது. தினகரன் மற்ற ஷூவையும் கழற்றி எறிந்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனான்.

"அகல்யா, எத்தனை நாளைக்கு இது?"

"எந்த உருவம், எந்த தீம் சொன்னாலும் பண்ணிடறேன், அதனால கேக்கறாங்க. கேக்கறதால பண்றேன்."

"எந்த தீமுமா?"

"எந்த தீமும். முடியாதுன்னு ஒரே ஒரு தடவை என் வாயால சொல்லிட்டேன்னு வைங்க, அன்னிக்கே ஓவனைப் பரண்ல ஏத்திடுங்க. ஏசி உங்களுக்கு."

"சத்தியமா?"

"ரோஷினி மேல... சீச்சீ, குழந்தை மேல எதுக்கு? ஓவன் மேல சத்தியம்."

ஓவனைத் தொட்டாள். அது சூடாக இருந்ததால் சட்டென்று கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சத்தியம் சத்தியம்தான்.

மறுநாள் காலை அம்பத்தூர் ஸ்டேஷனில், கூட வேலை பார்க்கும் வினோத்திடம் தினகரன் தன் துக்கத்தைக் கொட்டினான். வினோத்துக்கு அடர்ந்த மீசை, அடங்காத மூளை.

"கஷ்டமான தீமா ஒண்ணு சொல்லி ஆர்டர் போடு மாமே. அண்ணி முடியாதுன்னுரும். மேட்டர் ஓவர்."

"என்ன தீம்?"

அந்த நேரம் பார்த்து எதிர் பிளாட்பாரத்தில் சென்ட்ரல் போகும் ஏழு மணி லோக்கல் வந்தது. உள்ளே இருந்தவர்களைவிடத் தொங்கினவர்கள் அதிகம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வினோத்திடம் யாருக்கும் தெரியாத ஒரு நம்பர் இருந்தது. அதன் வாட்ஸ்அப் படத்துக்கு ரோஜாப்பூ வைத்தான். பெயர் ராஜகுமாரி. ஊர் காட்டுப்பாக்கம். மகன் அபிஷேக். எல்லாம் வினோத்தின் கற்பனை.

"எப்போன்னு போடட்டும் மாமே?"

"பதினேழாம் தேதி ஞாயித்துக்கிழமை" என்றான் தினகரன். ஏன் பதினேழு என்று அவனுக்கே தெரியாது. எங்கோ பழகின தேதி போல நாக்கு நுனியில் தானாக வந்து உட்கார்ந்தது. நைட் ஷிப்ட்காரனுக்குக் கிழமையே குழம்பும். தேதி எந்த மூலைக்கு?

செய்தி போனது. 'வணக்கம் சிஸ்டர். ட்ரெயின் கேக் வேணும். நூறு பேர் தொங்கணும். ஒருத்தர் மூஞ்சி மாதிரி இன்னொருத்தர் மூஞ்சி இருக்கக் கூடாது.'

பதில் ஒரு நிமிஷத்தில் வந்தது. 'செய்துடலாம் அக்கா.' கூடவே இரண்டு கும்பிடு.

"நூறு பத்தலடா. ஜன்னல் கம்பி எல்லாம் தனித்தனியாத் தெரியணும்னு போடு!"

'செய்துடலாம் அக்கா.'

"பக்கத்துல ஏரி! ஏரியில கொக்கு!"

'கொக்கு எத்தனை அக்கா?'

தினகரனுக்குப் பதற்றம் வந்துவிட்டது. போனைப் பிடுங்கித் தானே தட்டினான். 'கேக்கை ஏசி ரூம்லதான் வெப்பீங்களா? ஹால்ல வெச்சா ஆகாதா?'

இதற்கு மட்டும் பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு வந்தது. 'நல்ல கேள்வி அக்கா. நூறு உருவமும் காயணும். ஆறு நாள் ஏசியில இருக்கணும். ஆர்டர் கன்ஃபார்ம்.' இந்தத் தடவை கும்பிடு ஐந்து.

தினகரன் வீட்டுக்கு வந்தபோது கதவில் புதுக் காகிதம் ஒட்டியிருந்தது: 'உள்ளே ரயில். ஞாயிறு வரை யாரும் வரக்கூடாது.' இப்போது மூன்று கோடு.

"யாரோ காட்டுப்பாக்கத்து அம்மாங்க. பாவம், பிள்ளை மேல எவ்வளவு ஆசை பாருங்க!" என்றாள் அகல்யா. "ஆறு நாள் ஹால்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

தனக்குத் தானே தோண்டின குழி ஆறு நாள் ஆழம் என்று தினகரனுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஈரத் துண்டைப் போட்டுப் படுத்தான். துண்டு காய்ந்தது, அவன் நனைந்தான். புரண்டான். தரையின் ஒரு பக்கம் சூடாகிவிட்டதால் மறு பக்கத்துக்கு உருண்டான். அகல்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு உருண்டை சர்க்கரை மாவை அவன் கையில் வைத்தாள்.

"சும்மாதானே உருண்டுகிட்டிருக்கீங்க? இதையும் ரெண்டு உருட்டிக் குடுங்க. உடம்பு நான் பண்ணிடறேன். தலை பண்ண ஆள் இல்ல."

தினகரனின் மூளையில் விளக்கு எரிந்தது. ஆகா! தலையைக் கெடுத்தால் கேக்கே கெட்டது. வேண்டுமென்றே கோணலாக உருட்டினான். மூக்கை வலது பக்கம் திருகினான். கன்னத்தில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. கண்ணை ஒன்று மேலே, ஒன்று கீழே குத்தி நீட்டினான்.

அகல்யா பார்த்தாள். வாயில் கை வைத்தாள்.

"அய்யோ! நம்ம ஸ்டேஷன் டிக்கெட் செக்கர்! அச்சு அசல் அவரேதான்!"

தினகரன் திரும்பிப் பார்த்தான். ஆமாம், அவரேதான். ஃபைன் எழுதப்போகிற முகம்.

"தற்செயலா வந்திருக்கும்" என்றான் அடக்கமாக.

"தற்செயலா? இந்தத் திறமையை வெச்சுக்கிட்டா எஸ்டேட்ல நட்டு முடுக்கறீங்க?"

இன்னொன்று செய்தான். அது சூப்பர்வைசர். கேன்டீன்காரருக்கு வெற்றிலைக் கன்னம் வைத்தான். இயர்போன் மாட்டின ஐடி கம்பெனிப் பையன் ஒருவன், கொட்டாவி விடுகிற மல்லிகைப்பூக்காரி ஒருத்தி. நாகம்மாளை அவள் மூக்குத்தியோடு செய்து வைத்தபோது, அவளே வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாபா, என்னாண்ட டிக்கெட்டு கீதா?"

"உங்களுக்குச் சீட்டே போட்டாச்சு அக்கா, ஜன்னலோரம்."

"அப்ப சரி. மூக்கைக் கொஞ்சம் கம்மி பண்ணு."

முதல் நாள் பன்னிரண்டு தலை. இரண்டாம் நாள் இருபது. மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்தவன் குளிக்கக்கூட இல்லை; "மாவு எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். ரயிலில் வரும்போது எதிர் சீட்டுக்காரரின் தாடையை உற்றுப் பார்த்து, அவர் இடம் மாறி உட்கார்ந்ததும் உண்டு. சபதம் மறந்துபோயிற்று. ஏசிகூட மறந்துபோயிற்று. சனிக்கிழமை மத்தியானம் தொண்ணூற்று ஒன்பதாவது தலைக்கு மீசை ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் நினைவு வந்தது.

ராஜகுமாரி என்று ஒருத்தி இல்லை. அபிஷேக் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. நாளைக்கு அந்த ரயிலில் ஏற ஆள் இல்லை.

மொட்டை மாடிக்கு ஓடி வினோத்துக்குப் போன் போட்டான்.

"டேய், கேக்கை வாங்க யாரையாவது அனுப்புடா!"

"இன்னா மாமே, கேக்கு வீணாப் போணும்னுதான பிளானு?"

"வாயைக் கழுவுடா! அதுல என் தலைங்க இருக்கு! நூத்துக்கு ஒண்ணு குறைய!"

"என் தங்கச்சி ஊர்லயே இல்ல மாமே. பக்கத்து ஊட்டம்மாவ கேட்டா, நான் எதுக்குடா ராஜகுமாரின்னு துரத்துது."

"நீயே வா. அவங்க தம்பின்னு சொல்லு. எதையாவது சொல்லு. என் ரயில் யார் வீட்டுக்காவது போயே ஆகணும்!"

ஞாயிறு காலை. ஷிப்ட் முடிந்து வந்த தினகரன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். வீட்டு கேட்டில் பலூன். மாடிப்படி முழுக்கக் குழந்தைகள். நாகம்மாள் பட்டுப்புடவையில். தவறான தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று பெயர்ப்பலகையைப் பார்த்தான். சரியான தெருதான்.

"அப்பா!" என்று புது கவுனில் ரோஷினி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு ட்ரெயின் கேக்கு! நீ போற ட்ரெயின்! அம்மா சொல்லிச்சு, நீதான் ஆர்டர் குடுத்தியாம்!"

தினகரனின் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்த பதினேழாம் தேதி மெல்ல எழுந்து நின்று வணக்கம் சொன்னது. அது பழகின தேதிதான். ஆறு வருஷமாகப் பழகின தேதி.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலின் நீளத்துக்கு ரயில். ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் தனித்தனி. ஏரியில் மூன்று கொக்கு. வாசல் வாசலாக அவன் செய்த தலைகள் தொங்கின. நூறாவது ஆளை மட்டும் அகல்யா தானே செய்திருந்தாள். கடைசிப் பெட்டியில், கழுத்தில் ஈரத் துண்டோடு, வாயைத் திறந்து தூங்குகிற ஒருவன்.

"அகல்யா... உனக்கு எப்போ தெரியும்?"

"மூணு வருஷமா கேக் பண்றேங்க. கலர் கேப்பாங்க, முட்டை போடுவீங்களான்னு கேப்பாங்க. கேக்கை எந்த ரூம்ல தூங்க வெப்பீங்கன்னு எந்தக் கஸ்டமராவது கேட்டிருக்காங்களா?"

தினகரன் சுவரைப் பார்த்தான்.

"ஊருக்கெல்லாம் கேக் பண்றேன், நம்ம பொண்ணுக்கு வருஷா வருஷம் கேசரிதான். ரெண்டு மாசமா ட்ரெயின் ட்ரெயின்னு உசிரை எடுக்கறா. நூறு தலைக்கு எங்க போறதுன்னு நானும் முழிச்சுக்கிட்டிருந்தேன். சாமி மாதிரி வந்தீங்க."

வாசலில் நிழல் தட்டியது. வினோத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவன் கையில் பரிசுப்பொட்டலம்.

"நீ எப்படிடா பரிசோட வந்த?"

வினோத் போனை நீட்டினான். ராஜகுமாரிக்கு நேற்று சாயங்காலம் வந்த செய்தி: 'அக்கா, நாளைக்கு என் பொண்ணு பிறந்தநாள். அவசியம் வந்துடுங்க. இதுக்காக மீசையை எடுக்க வேண்டாம்.'

கேக் வெட்டினார்கள். ரோஷினி முதலில் டிக்கெட் செக்கரைத் தின்றாள். நாகம்மாள் தன் தலையைத் தானே எடுத்து, மூக்கைக் கடைசியாகச் சாப்பிட்டாள். வந்த அம்மாக்களெல்லாம் ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள்.

"இந்த மூஞ்சியெல்லாம் யாருங்க பண்ணது?"

"எங்க வீட்டுக்காரர்தான்!" என்று அகல்யா ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். தினகரனுக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. விரிந்த மார்போடு அவன் நின்றுகொண்டிருக்கும்போதே ஐந்து ஆர்டர் வந்துவிட்டது. ஐந்திலும் ஆட்கள். ஒன்று கல்யாண ஊர்வலம்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கதவில் புதுக் காகிதம் இருந்தது: 'உள்ளே கேக். தலை செய்கிறவர் மட்டும் வரலாம்.'

தினகரன் உள்ளே போனான். ஜில்லென்று முகத்தில் அடித்தது காற்று. கட்டில் நிறையக் கல்யாண ஊர்வலம், தலையில்லாமல் நின்றுகொண்டிருந்தது. கீழே ஒரு பாய். பாயில் ஒரு கூடை மாவு.

"கதவைச் சாத்திக்கோங்க, குளிர் போயிடும்" என்றாள் அகல்யா வெளியிலிருந்து.

தினகரன் கதவைச் சாத்தினான். சபதம் நிறைவேறிவிட்டது: ஏசி அவனுக்கு, கட்டில் கேக்குக்கு.