படுக்கையறைக்கு ஒரு போன்

ராங் நம்பரிடம் யாரும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதில்லை. ஆம்ப்ரோஸின் மனைவி பிலோமினம்மாள் கேட்டாள்.

சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு அவர்கள் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆம்ப்ரோஸ் துறைமுகக் கிடங்கில் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூடத்தில் போன் அடித்தது. எடுத்த பிலோமினம்மாள் குரலைத் தாழ்த்தினாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள், இப்ப வேண்டாம் என்றாள், வைத்துவிட்டாள்.

"யாரு?"

"ராங் நம்பர்."

அன்று ஆம்ப்ரோஸ் ரசம் சாதத்தைப் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். அவர் மனத்துக்குள் அந்த ராங் நம்பர் ஆணாகி, மீசை வளர்த்து, சனிக்கிழமைக்குள் சொந்தமாகக் காரும் வாங்கிவிட்டது.

உண்மையைக் கண்டுபிடித்தே தீருவது என்று தீர்மானித்தார். படுக்கையறைக்கும் ஒரு போன் வந்தது. அதே நம்பர், அதே லைன். கூடத்தில் பேசுவதை உள்ளே எடுத்துக் கேட்கலாம். உனக்குக் காய்ச்சல் வந்தால் எழுந்து போக வேண்டாமே என்று மனைவியிடம் காரணம் சொன்னார். காய்ச்சல் வந்து பழக்கமே இல்லாத பிலோமினம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். போனையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதைத் துடைத்து, பூப்போட்ட துணி ஒன்றை மேலே போட்டாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டுவிடலாம் என்று, கீழே காப்பிக்கடையில் சாகுல் ஹமீதைப் பிடித்தார். சாகுல் ஹமீதுக்கு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை. அதனால் அந்த அடுக்குமாடி பிளாக்கே அவரைப் பாதி நீதிபதியாக நடத்தியது. என் நண்பர் ஒருவர் என்று ஆரம்பித்து ஆம்ப்ரோஸ் கதையைச் சொன்னார். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது தப்புதான் என்றார் சாகுல் ஹமீது.

"பெண்டாட்டி அடுத்தவளா பாய்? போனே என்... என் நண்பர் பேர்லதான் இருக்கு."

"போன் உங்க நண்பர் பேர்ல. பேச்சு அவங்க பேர்ல." அவர் காப்பியை உறிஞ்சினார். "கோர்ட்டுகூட பரவாயில்ல அண்ணே. அவங்களுக்குத் தெரிஞ்சா உங்க நண்பர் எங்க படுப்பார்?"

ஆம்ப்ரோஸ் 'பரவாயில்ல' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

மறுநாள் கூடத்தில் பிலோமினம்மாள் பேச ஆரம்பித்ததும், ரிசீவரின் வாய்ப்பக்கம் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு உள்ளே எடுத்தார். அந்த நொடி கூடத்துப் போன் மெல்ல 'டிங்' என்றது. அது அவர் காதில் விழவில்லை. பிலோமினம்மாள் காதில் விழுந்தது.

ஆண் குரல்தான். கார் வைத்திருக்கும் குரலாகவே பட்டது. ஒன்னாந் தேதி வந்துடுவீங்களா என்று கேட்டது. அவர்கிட்ட இன்னும் சொல்லலை என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தி, போனை வைத்துவிட்டாள்.

ஆம்ப்ரோஸ் கட்டிலில் உட்கார்ந்தார். ஒன்னாந் தேதி இவள் போய்விட்டால்? சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அதன்பிறகு ஒரு போனையும் அவர் விடவில்லை. ஆனால் பேசியதெல்லாம் மனைவியின் தோழி, சர்ச்சில் கூடவே பாடும் ரூபி. பேச்செல்லாம் ஆம்ப்ரோஸைப் பற்றி. அவர் தங்கமானவர், சமையலறைச் சன்னலை மட்டும் துடைத்துவிட்டால் அவர் மாதிரி உலகத்தில் ஆள் கிடையாது என்றாள் பிலோமினம்மாள். மறுநாள் துடைத்தார். குளியலறைக் குழாய் சொட்டுகிறது, அவர் கை பட்டால் நின்றுவிடும் என்றாள். பட்டது, நின்றது. தேக்கா மார்க்கெட்டில் நல்ல வாவல் மீன் வந்திருக்கிறதாம், அவர் பார்த்தால் விடமாட்டார் என்றாள். அவர் விடவில்லை. ஒன்னாந் தேதிக்குள் அவள் மனசு மாறிவிடாதா என்றுதான் இத்தனையும்.

மாதக் கடைசி நாள் மறுபடி ரூபி. ஆம்ப்ரோஸ் உள்ளே எடுத்தார்.

"ரூபி, இன்னிக்கு விஷயத்தைச் சொல்லிடறேன். சிராங்கூன் ரோட்ல ரவூப் பாய் துணிக்கடை இருக்குல்ல, தையல் பகுதியைப் பார்த்துக்கக் கூப்பிடறார். நாளையிலேருந்து வரணுமாம். இவர்தான், என் பெண்டாட்டி வேலைக்குப் போகக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாரே."

வேலையா? வெறும் வேலையா? ஆம்ப்ரோஸுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. கூடவே கூடாது. வாயைத் திறந்தார். கைக்குட்டை நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

"என்ன செய்யப்போறே?" என்றாள் ரூபி.

"இஷ்டமில்லேன்னா அவர் இப்பவே வெளிய வந்து வேண்டாம்னு சொல்லலாம். சொன்னா, உங்களுக்கு யாரு சொன்னான்னு கேப்பேன். கொஞ்ச நேரம் பார்க்கறேன். சத்தமில்லேன்னா சம்மதம்."

வேண்டாம் என்றால் அவர் ஒட்டுக்கேட்டவர். ஒட்டுக்கேட்காதவர் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. சாகுல் ஹமீதிடம் யோசனை கேட்கலாம் என்றால், வீட்டில் இருப்பது ஒரே லைன். அதில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள்.

"சத்தத்தையே காணோம்லா," என்றாள் ரூபி.

"அப்ப சம்மதம்தான். சரி ரூபி, காலையில சீக்கிரம் கிளம்பணும், வைக்கிறேன்." பிலோமினம்மாள் சற்று நிறுத்தி, மரியாதை குறையாமல் சொன்னாள்: "ஏங்க, நீங்களும் வைங்க. கை வலிக்கப்போகுது."