மாப்பிள்ளை கொஞ்சம் மெதுவாகக் குத்த வேண்டி

எழுமலை,
ஆவணி 9, திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மேலூர் சம்மந்தி நல்லகாமன் அவர்களுக்கு, எழுமலை சிவனாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், செல்லத்தாய், மகன் அருள்பாண்டி, மகள் அஸ்வினி, சினையாக இருக்கும் மாடு உட்பட எல்லோரும் சுகம். அங்கே தாங்கள், தங்கச்சி ராமக்காள், மாப்பிள்ளை ஜெயபாண்டி, தங்கள் முழங்கால் ஆகியோரின் நலமறிய ஆவல். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவீர்கள். இது அப்படிப் பேசுகிற விஷயம் இல்லை.

விஷயம், வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரையில் நடக்கப்போகும் குத்துச்சண்டை. போன வருஷம் மாவட்டப் போட்டியில், தொண்ணூற்றிரண்டு கிலோ பிரிவில், உங்கள் மகன் என் மகனை ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காபிக்கு முன்னால் அந்த வீடியோவைத்தானே காட்டுகிறீர்கள். என் மகனுக்குப் புருவத்தில் மூன்று தையல். தையலோடு கிடந்தவனைப் பார்க்க மாப்பிள்ளை ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். துணைக்கு இருந்த அஸ்வினி அந்தப் பழத்தை உரித்துக் கொடுத்தாள். யாருக்கு உரித்துக் கொடுத்தாள் என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். நான் மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்துவிட்டேன். நாலே மாதத்தில் தாங்கள் பூவும் பழத்தட்டுமாக வந்து இறங்கிவிட்டீர்கள். தாங்களும் பிழைப்புக்கு மேலூர் போனவர்கள்தான், பூர்வீகம் நம்ம பக்கம், முறையும் சரியாக இருந்தது, எனக்கும் சந்தோஷம்தான்.

இப்போது அதே இருவரும் அதே பிரிவில் மறுபடியும் மோதுகிறார்கள். மோதட்டும், விளையாட்டுதானே என்று நானும் இருந்தேன். போன மாசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த அருள்பாண்டி திடீரென்று சொல்கிறான்: "இந்த வாட்டியும் அவன்ட்ட தோத்தேன்னா, கல்யாணத்துல மாலை போட்டுக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர என்னால முடியாது. வேற ஆளப் பாத்துக்கங்க." பெண்ணின் கூடப்பிறந்தவன் இருக்கும்போது வேறு ஆள் மாப்பிள்ளையை அழைத்து வந்தால் ஊர் என்ன பேசும் என்று தங்களுக்கே தெரியும். நான் வாயைத் திறக்குமுன் அஸ்வினி சொல்லிவிட்டாள்: "அண்ணே கூட்டிட்டு வரலேன்னா நானும் மேடையேற மாட்டேன்." செல்லத்தாய் என்னைத்தான் முறைத்தாள். "இம்புட்டுப் பிடிவாதமும் உங்க வகையில வந்தது" என்றாள். பத்திரிகை பாதி ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது சம்மந்தி. இருபத்தாறாம் தேதி முகூர்த்தம் இருக்குமா இருக்காதா என்பது இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒன்பது நிமிஷ ஆட்டத்தில் இருக்கிறது.

அதனால் இரண்டு பேரின் பலத்தையும் ராத்திரி தூக்கம் வராமல் எடைபோட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு உயரம் ஜாஸ்தி, கை நீளம், எட்டி நின்றே குத்துவார், அந்த உயரம் தங்கச்சி வகையில் வந்தது, தங்கள் வகையில் வந்திருக்க வழியில்லை. அருளுக்கு வலது கையில் ஒரு குத்து இருக்கிறது பாருங்கள், மோட்டார் ரூம் கதவு இன்னும் சாயாமல் நிற்பது ஆச்சரியம். ஆனால் களைத்துப்போனால் இடது கையைத் தாழ்த்திவிடுவான், சிம்மக்கல்லில் வெல்லக் கடைக்கு மேல்மாடியில் பழக்கிவிடுகிற பசுபதி மாஸ்டரும் "கையத் தூக்குடா, கையத் தூக்குடா"னு அஞ்சு வருஷமாக் கத்துறார், அவர் தொண்டை போனதுதான் மிச்சம். மாப்பிள்ளையிடமும் ஒரு குறை உண்டு, அதை நான் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன், கூட்டத்தில் அஸ்வினி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ரவுண்டுக்கு ரெண்டு தடவை திரும்பிப் பாக்குறார். அவளைக் கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல.

இதில் நான் செய்த ஒரு காரியத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றிரண்டு கிலோவைத் தாண்டினால் அந்தப் பிரிவில் ஆட முடியாது என்று மாஸ்டர் சொன்னார். உடனே எனக்கு ஒரு யோசனை. மாப்பிள்ளையைக் கொஞ்சம் எடை ஏற்றிவிட்டால் சண்டையும் இல்லை, தோல்வியும் இல்லை. குலசாமிக்குக் கெடா வெட்டு என்று கூப்பிட்டது அதற்குத்தான். அதற்கடுத்த வாரம் பங்காளி வீட்டுப் பிள்ளைக்குக் காதுகுத்து என்று கூப்பிட்டதும் அதற்குத்தான், அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே காது குத்தியாச்சு. செல்லத்தாய் இலையில் கறியை வைத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் நம்ம வழக்கம் எனக்கு மறந்துபோச்சு. மாப்பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துச் சாப்பிட விடலாமா? மச்சினன் பக்கத்தில் உட்கார வேண்டும், மாப்பிள்ளை கை கழுவும் வரை இவனும் எழுந்திருக்கக் கூடாது. முறை என்று வந்துவிட்டால் என் மகன் ஒரு குறை வைக்க மாட்டான். அவர் ஒரு துண்டு எடுத்தால் இவன் ரெண்டு துண்டு. கடைசியில் மாப்பிள்ளை தொண்ணூற்றொன்றிலேயே நிற்கிறார், என் மகன் தொண்ணூற்றைந்து. இப்போது வெயிலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரையில் ஓடுகிறான். ஆடு மேய்க்கிற ஒச்சம்மாள் வந்து "பயலுக்குக் குளிர் காய்ச்சலா"னு கேட்டுட்டுப் போறாங்க. எடை குறையாவிட்டால் மாப்பிள்ளைக்குக் குத்தாமலே வெற்றி. அதையும் இவன் தோல்வி என்றுதான் எடுத்துக்கொள்வான்.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள். எப்படியாவது இவன் எடை இறங்கிவிட்டால், மாப்பிள்ளை கொஞ்சம் மெதுவாகக் குத்தும்படி தாங்கள் பக்குவமாகச் சொல்ல வேண்டும். விழ வேண்டாம், அது அசிங்கம். ஒரு புள்ளியில் தோற்றால் போதும். ஒரு தடவை ஜெயித்தாகிவிட்டது, ஆளுக்கு ஒன்று என்று இருப்பதுதானே சம்மந்தம். எனக்கு மகனும் வேண்டும், மருமகனும் வேண்டும் சம்மந்தி. இதைத் தவிர எனக்கு வேறு நியாயம் இல்லை.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். தங்கள் மண்டியும் முழங்காலும் செழிக்க மீனாட்சி துணையிருக்கட்டும். படித்ததும் கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சிவனாண்டி

பின்குறிப்பு (புதன்கிழமை): கடிதத்தை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை நேரிலேயே வந்துவிட்டார். முகமும் வயிறும் கொஞ்சம் உப்பியிருந்தன. அருள் எடை இறங்காமல் கிடக்கிற செய்தி அவருக்கு நாலு நாளைக்கு முன்னாலேயே தெரியுமாம், யார் சொன்னார்கள் என்று கேட்டேன், அஸ்வினி உள்ளே போய்விட்டாள். "குத்தாம ஜெயிச்சா அது எனக்குச் சேராது மாமா. அதான் எங்கம்மாட்ட நேரத்துக்கு ஆறு முட்டை கேட்டுத் தின்னுக்கிட்டு இருக்கேன். இப்ப தொண்ணூத்தி மூணரை. ரெண்டு பேரும் மேல் பிரிவுல ஆடிக்கலாம், மாஸ்டர்ட்ட சொல்லி ரெண்டு பேரு பேரையும் அதுக்கு மாத்தியாச்சு" என்றார். அருள் ஸ்வெட்டரோடு வாசலில் நின்று முழுசும் கேட்டான். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, "ஜெயிச்சாலும் தோத்தாலும் மாலைய நான்தான் போடுவேன் மாப்ள. ஆனா ஞாயித்துக்கிழமை உன்னய விட மாட்டேன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம். ஆகவே மேலே கேட்டதையெல்லாம் கேட்காததாக எடுத்துக்கொள்ளவும். மாப்பிள்ளையை நன்றாகவே குத்தச் சொல்லுங்கள், என் மகன் ஜெயிப்பான். அன்றைக்கு மைதானத்தில் தாங்களும் நானும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டாம். கல்யாணத்துக்கு நாம் ரெண்டு பேராவது வீக்கம் இல்லாமல் இருக்க வேண்டும்.