யாழ்ப்பாணத்துக்குத் தள்ளிக்கொண்டு போனவர்

செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்கால், பிசுபிசுவென்ற தூறல். அந்த வேளையில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து நானூறு கிலோமீற்றர் தள்ளியுள்ள யாழ்ப்பாணத்துக்கு நடந்து புறப்பட்டு, மத்தியானம் பன்னிரண்டுக்கும் வெள்ளவத்தையிலேயே நின்ற ஒரே மனிதர் எங்கள் வோக்கிங் பாஸ்டர்தான்.

பேர்தான் அப்படி, அவர் பாஸ்டர் அல்ல. கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்று, எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தவர். கொட்டாஞ்சேனையில் அவருடைய சபை அவர் கையில் ஒரேயொரு முறை மைக்கைக் கொடுத்தது. திருப்பி வாங்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். பஸ்ஸில் ஏறமாட்டார். வழியில் காண்கிற எல்லாரிடமும் ஆண்டவரைப் பற்றிக் கதைப்பார். அதனால் ஞாயிறு ஆராதனைக்குச் சனிக்கிழமையே புறப்பட்டாலும் கடைசிப் பாட்டுக்குத்தான் போய்ச் சேருவார். நான் திருநீறு பூசுகிறவன். என்னிடமும் ஆறு வருடம் முயன்றார்.

அது பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற காலம். மருந்துக்கும் அதே கதி. என் மனைவி பொரளையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. ஐந்து மருந்து எழுதினால் இரண்டு கிடைக்கும். டொக்டர் என் முகத்தைப் பார்க்காமல் கதைக்கத் தொடங்கியிருந்தார்.

பாஸ்டர் கட்டிலடியில் வந்து நின்றார்.

"அக்கா, உங்களுக்காக ஜெபிச்சுக்கொண்டு யாழ்ப்பாணம் மட்டும் நடக்கப்போறன்."

"ஏன் தம்பி, இஞ்சயிருந்து ஜெபிச்சாக் கேக்காதோ?"

"கேக்கும் அக்கா. இருந்து ஜெபிச்சா எனக்கு நித்திரை வந்திடும்."

பதினொரு நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

"யாழ்ப்பாணம் என்ன கணக்கு?" என்றேன் நான்.

"அதுக்கங்கால கடல் அண்ணை."

புறப்பட்ட அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறினேன். எங்கள் ஒழுங்கையிலிருந்து இருநூறு மீற்றர் தள்ளி, பெற்றோல் வரிசையில், பாஸ்டர் ஓர் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு நின்றார். இறங்கி ஓடினேன்.

"என்ன தம்பி, இதுவோ யாழ்ப்பாணம்?"

"ஓட்டோக்காரத் தம்பி சாப்பிடப் போயிட்டார் அண்ணை. பாத்துக்கொள்ளச் சொன்னவர். லைன் நகருது, விட்டிட்டுப் போகேலுமே?"

பின் ஓட்டோவிலிருந்து ஒரு தலை நீண்டது. "அங்கிள், என்டதையும் ஒருக்காத் தள்ளுங்கோ. ஏசுவைப் பற்றி எவ்வளவெண்டாலும் சொல்லுங்கோ, கேக்கிறன்!"

பாஸ்டரின் முகம் மலர்ந்தது. வரிசையை விட்டால் இடம் போய்விடும். எழுந்து ஓட முடியாத சபை அவருக்கு வாழ்நாளில் அன்றுதான் வாய்த்தது. கொழும்பில் எத்தனை பெற்றோல் நிலையம் உண்டோ அத்தனையிலும் தள்ளினார். நாலாம் நாள், இன்னும் கொழும்பு ஓரத்து ஒருகொடவத்தையிலிருந்து போன் எடுத்தார். "அண்ணை, இண்டைக்குக் கொள்கலன் லொறி. தனியத் தள்ளேலாது, ஜெபம் பண்ணித்தான் தள்ளினனாங்கள்."

ஆஸ்பத்திரியில் அவள் தினமும் கேட்டது ஒன்றுதான்: "தம்பி எவடத்தில நிக்கிறார்?"

நாற்பது வருடம் கணக்காளனாக இருந்தவன் நான். ஒரு சதம் கூட்டிச் சொன்னதில்லை. அவர் இன்னும் கொழும்பில் நிற்க, சிலாபம் என்றேன்.

அவள் கண்களில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. அனுராதபுரம் என்றேன். வவுனியா என்றேன்.

"உந்தக் கால் இப்பிடி ஓடுதோ? ஆரும் பின்னால தள்ளிவிடுகினமோ?" என்றாள்.

பாஸ்டர் உண்மையாகவே சிலாபத்துக்குப் போனபோது, ஒரு வான் வண்டியைத் தள்ளப்போய் அவருடைய போன் சில்லுக்குள் அகப்பட்டு நொறுங்கியது. அதன்பின் அவரிடமிருந்து சத்தமில்லை. அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்கும் தெரியாது. ஒரு பின்னேரம் அவள் மூச்சு எண்ணக்கூடிய அளவுக்குக் குறைந்தது. கேட்க அவளிடம் பலமில்லை. நானே சொன்னேன்: "யாழ்ப்பாணம் வந்து சேந்திட்டாராம்."

"காலைக் கழுவிப்போட்டுப் படுக்கச் சொல்லுங்கோ," என்றாள்.

விடிய அவள் இல்லை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்து முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணை! யாழ்ப்பாணம் வந்திட்டன்! உள்ளங்காலில தோல் மிச்சமில்ல. அக்காட்ட உடன சொல்லுங்கோ!"

"அவவுக்குத் தெரியும் தம்பி."

"அதெப்பிடி?"

"திரும்பி நடக்க வேண்டாம். பஸ்ஸில வாரும்."

"போகவர நடையெண்டு வாக்குக் குடுத்தனான் அண்ணை. ஏன், அக்காக்கு ஏலாதோ?"

"எனக்குத்தான் ஏலாது."

"ஏறுறன் அண்ணை," என்றார். ஆறு வருடத்தில் ஆண்டவரை இழுக்காமல் அவர் கதையை முடித்தது அன்றுதான்.

வெள்ளவத்தை பஸ் கந்தோரில் அவருடைய டிக்கெட்டுக்கு நானே காசு கட்டப் போனேன். சாதாரண பஸ் ஆயிரத்தெண்ணூறு. ஏசி பஸ் ஒரு மணித்தியாலம் முந்தி வரும் என்றார்கள். மூவாயிரத்து இருநூறு எண்ணிக் கொடுத்தேன்.