கேலி ஒழிப்புத் திட்டம், எட்டாம் வகுப்பு

மனிதகுலத்திலிருந்து கேலியை ஒழிக்க எத்தனையோ மகான்கள் பாடுபட்டுத் தோற்றார்கள். பாவம், அவர்களுக்கு ராமநாதபுரத்தில் நடந்த 'உணர்வுத் திறன்' பயிற்சி முகாம் கிடைக்கவில்லை. ஜெபமாலை டீச்சருக்குக் கிடைத்தது.

2007-இல், சாயல்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர உயர்நிலைப் பள்ளியிலிருந்து அவர் போனார். தலைமை ஆசிரியர் வேல்சாமி வாழ்த்தி வழியனுப்பினார்: "ஏ கருவாடு, நீயே போயிட்டு வா. ரெண்டு நாளாவது ஸ்டாஃப் ரூம் நாறாம இருக்கும்."

ஜெபமாலை மீனவர் வீட்டுப் பெண். சிரித்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சிரித்துச் சிரித்துத் தேய்ந்த சிரிப்பு.

முகாமில் ஞானம் படிப்படியாக வழங்கப்பட்டது. யாராவது கேலி செய்தால், முதல் படி: மூச்சை இழுத்து விடு. இரண்டாம் படி: உன் வருத்தத்தை அவரிடமே மரியாதையாகச் சொல். அதற்கும் கேட்கவில்லையென்றால், நம்பகமான பெரியவர் ஒருவரிடம் சொல். மதியம் லெமன் சாதம்.

இந்த ஞானம் அவசரமாகத் தேவைப்பட்டது எட்டாம் வகுப்புப் பஞ்சம்மாளுக்கு. முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து ஆடுகளோடு வந்து தங்கிவிட்ட குடும்பம். கூடப் படிக்கும் எட்வர்ட் அவளுக்கு 'ஆட்டுப்புழுக்கை' என்று பெயர் வைத்தான். பெயர் பள்ளி முழுக்கப் பரவ, அவள் வருவதையே நிறுத்திவிட்டாள். டீச்சர்தான் வீடு தேடிப் போய்க் கூட்டி வந்து, வகுப்பு முழுதுக்கும் மூன்று படிகளையும் சொல்லிக்கொடுத்தார்.

பயிற்சிக்கு உடனே பலன் தெரிந்தது. பஞ்சம்மாள் மூச்சை இழுத்து விட்டாள். "எட்வர்ட், நீ அப்படிக் கூப்பிடுறப்ப எனக்கு வருத்தமா இருக்கு."

எட்வர்ட் கைகட்டி நின்றான். "உன் உணர்வை மதிக்கிறேன், ஆட்டுப்புழுக்கை."

இது முன்னேற்றம் இல்லையென்றால் வேறு எது முன்னேற்றம்? ஆனால் ஜெபமாலை திருப்தியடையவில்லை. இருவரையும் வேஷம் மாற்றி நடிக்கச் சொன்னார். இரண்டாவது 'புழுக்கை'யிலேயே எட்வர்டின் உதடு துடித்தது. மறுநாள் அவன் அவளைப் பஞ்சம்மா என்று கூப்பிட்டான். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இந்தப் புரட்சியைப் பார்வையிட மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் எழுந்தருளினார்.

"யாராச்சும் பட்டப்பேரு சொன்னா என்ன செய்வே பாப்பா?"

பஞ்சம்மாள் கடகடவென்று ஒப்பித்தாள்.

"சபாஷ்! நம்பகமான பெரியவர் யாரு?"

"ஜெபமாலை டீச்சர்." அதோடு உட்கார்ந்திருக்கலாம். பிள்ளைக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம். "சார், எங்க டீச்சரை ஹெட்மாஸ்டர் சார் கருவாடுன்னு கூப்பிடுறாக. அவுக யாருட்ட சார் சொல்லணும்?"

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏய்யா மொட்டை, அப்படியா கூப்பிடுறே?"

வேல்சாமி வழுக்கையைத் தடவிக்கொண்டு கூடவே சிரித்தார். ஜெபமாலைக்குப் பகீரென்றது. அது தன்னுடைய அதே தேய்ந்த சிரிப்பு!

எட்வர்ட் எழுந்தான். "அப்ப ஹெட்மாஸ்டர் சார் யாருட்ட சொல்லணும்?"

பதில் வருவதற்குள் அதிகாரியின் செல்போன் அடித்தது. எடுத்தவர் விறைத்து நின்றார். "ஆமாங்கய்யா... எருமைதாங்கய்யா... புத்தி இல்லீங்கய்யா..."

யாரும் சொல்லாமலே, எட்டாம் வகுப்பு முழுதும் எழுந்து, அவருக்காக ஒருசேர மூச்சை இழுத்து விட்டது.

ஜெபமாலைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தேயாத, புத்தம் புதுச் சிரிப்பு. சிரித்து முடித்து அவரும் ஒரு மூச்சு இழுத்தார். "சார், நீங்க என்னைக் கருவாடுன்னு கூப்பிடுறப்ப எனக்கு வருத்தமா இருக்கு."

வேல்சாமி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி போனைப் பார்த்தார். "சரிங்க... டீச்சர்," என்றார் வேல்சாமி, யாருக்கும் கேட்காதபடி. பஞ்சம்மாளுக்குக் கேட்டது.

துறை இந்த விஷயத்தை மிகுந்த பொறுப்போடு ஆராய்ந்தது. திட்டம் மகத்தான வெற்றி என்று அறிவித்து, எல்லாப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தியது. கடைசிப் படியை மட்டும் எடுத்துவிட்டார்கள். மாவட்டம் முழுக்கத் தேடியும், நம்பகமான பெரியவர் கையிருப்பில் இல்லையாம்.