கையைத் தூக்கினால்தான் உள்ளே

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் 'அன்பு மனைவி, பாசமிகு தாய், ஆசைப் பாட்டி' என்று போட்டிருந்தது. மூன்றும் சரி. மறைந்த தேதியை விட்டுவிட்டார்கள். அதைவிடப் பெரிய குறை, ஊர் அவரை அழைத்த பெயரை விட்டது: செக்கிங்கம்மா.

உதித்தது நேற்றைய சூரியன்தானா என்று உறுதி செய்துகொண்டுதான் வாசல் தெளிப்பார். பால்காரர் முதல் மடக்கைக் குடித்துக் காட்ட வேண்டும்.

சுரங்கம் ஓடிய காலத்தில், ஷிப்ட் முடிந்து கேஜ் என்ற இரும்புக்கூண்டு லிஃப்டில் மேலே வருபவர்களைக் கைதூக்கச் சொல்லி, தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பார்கள். சுரங்கம் மூடிய பிறகு அந்தச் சோதனை தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் ஸ்கெலட்டன் லைனில், செக்கிங்கம்மாவின் வாசலில் மட்டும் தொடர்ந்தது. அவர் கணவருக்கு, அதாவது நாங்கள் மாமா என்று கூப்பிடும் பழைய சுரங்கத் தொழிலாளிக்கு, நுரையீரலெல்லாம் கல்தூசி. இனி பீடி குடித்தால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். சொன்ன டாக்டரின் சட்டைப்பையையும் செக்கிங்கம்மா எட்டிப் பார்த்தார்.

"யோவ், கையத் தூக்கு."

"வெத்தல வாங்கத்தாம்மே போனேன்."

"வெத்தலைக்கு இன்னாத்துக்கு குடை?"

குடைக்குள் ஒரு பீடி இருக்கும். மறுநாள் தலைப்பாகை மடிப்பில். ஒடித்து அடுப்பில் போட்டுவிட்டுக் கத்துவார்: "என்ன முண்டச்சியாக்கப் பாக்கறியா?"

பெங்களூரு ட்ரெயினில் வந்த புது மருமகனும் பட்டுவேட்டியோடு கைதூக்கி நின்றார்.

"அத்தே, நான் சிகரெட்கூடப் புடிக்க மாட்டேன்."

"உனக்கில்லப்பா. உன் மாமனாருக்குக் கொண்டாந்திருப்ப."

பையில் இருந்தது ஏலக்காய். மோந்து பார்த்த பிறகுதான் ஆரத்தி.

போன மாதம், சந்தேகப்படக்கூட நேரம் கொடுக்காமல் மாரடைப்பு வந்து அவரைக் கொண்டுபோனது. இனி மாமாவை யார் தடுப்பது என்று எங்களுக்குக் கவலை. கருமாதி முடிந்ததும் நானே பேச்செடுத்தேன்.

"மாமா, இனிமேலாவது பீடி வேணாம்."

"டாக்டர் சொன்ன அன்னிக்கே உட்டுட்டேன்டா."

"அப்போ அத்தை புடிச்சதெல்லாம்?"

"ஒண்ணே ஒண்ணு வாங்கிச் சொருகிக்கினு வருவேன். ஒண்ணும் கெடைக்கலன்னா, எங்கியோ கட்டுக்கட்டா ஒளிச்சு வச்சிருக்கான்னு ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடப்பா. ஒண்ணு மாட்டுச்சுன்னா நிம்மதியாத் தூங்கிடுவா."

பெட்டிக்கடையில் விசாரித்தேன். தினமும் ஒற்றைப் பீடி வாங்கியது உண்மை. மாமா பற்றவைத்துக் கடைக்காரர் பார்த்ததில்லை.

அத்தைக்கு இது தெரியுமா? "அவளுக்குத் தெரியாதது இன்னா கீது?" என்கிறார் மாமா. "இப்படி ஏமாத்துனது தெரிஞ்சிருந்தா, பீடி குடுத்த என் கடையையே கொளுத்தியிருப்பாங்க" என்கிறார் கடைக்காரர். கேட்டால் சொல்லக்கூடியவர் ஒருவர்தான், அவர் இல்லை. ஆகவே இந்தத் தகவல் இன்னும் உறுதி செய்யப்படவில்லை.